எளியார் ஏறிய ஏணி: ஆசியத் தலைவர் கிண்ணத்தின் கதை

அரசர்க்கு வேண்டும் இலக்கணங்களை வகுக்கப் புகுந்த திருவள்ளுவர், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துள்ளார். பகைமேற் செல்லக் கருதுவோன் முதற்கண் தன் வலியையும் மாற்றான் வலியையும் தூக்கிப் பார்த்தல் வேண்டும்; அதன்பின் ஏற்ற காலத்தை நோக்குதல் வேண்டும்; ஈற்றில் ஏற்ற இடத்தைத் தெரிதல் வேண்டும். இம்முறை வைப்பிலேயே ஒரு பாடம் அடங்கியிருக்கின்றது. போர்க்களத்துக்குச் சொல்லப்பட்ட இப்பாடம் ஆடுகளத்துக்கும் பொருந்தும் என்பதனை மெய்ப்பித்த ஒரு சுற்றுப்போட்டி ஆசியாக் கண்டத்திலே பத்தாண்டுகள் நடைபெற்றது. 2005ஆம் ஆண்டு இமயத்தின் அடிவாரத்திலே தொடங்கி, 2014ஆம் ஆண்டு நமது கொழும்பு மாநகரிலே முடிவெய்திய அப்போட்டியின் பெயர் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் தலைவர் கிண்ணம் என்பது.

ஏட்டைப் பிடிக்கும் பண்டிதனுக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்று நேயர் சிலர் நகைத்தல் கூடும். பந்து என்னும் சொல்லுக்கு உறவினன் என்பதும் ஒரு பொருள். எங்கோ இருக்கும் நாட்டாரையெல்லாம் ஒரு களத்திற் கூட்டி உறவாக்கும் ஆற்றல் அந்தத் தோலுருண்டைக்கு உண்டு. அன்றியும், மாணாக்கரோடு பல்லாண்டு பழகிய ஆசிரியன் எவனும், மாலை மணி அடித்தபின் மைதானத்தில் நிகழ்வதும் கல்வியே என்பதனை அறிவான். ஆதலின் இக்கதையைக் கூற ஆசிரியனுக்கு உரிமை உண்டென்றே கொள்க.

வலி

உதைபந்தாட்டத்தில் ஆசிய நாடுகள் யாவும் ஒரு நிறையின அல்ல. யப்பான், கொரியா, ஈரான், சவூதி அரேபியா முதலிய நாடுகளின் கழகங்கள் பொருள்வளமும் பயிற்சி வளமும் மிக்கவை. பூட்டான், நேபாளம், கம்போடியா, இலங்கை முதலிய நாடுகளின் கழகங்களோ வேறு தொழில் பார்த்துக்கொண்டு மாலையிலே பந்தாடுவோரை நம்பியிருந்தவை. ஆசியாவின் கழகங்களுக்கிடையிலான முதற் சுற்றுப்போட்டி 1967ஆம் ஆண்டு பாங்கொக் நகரிலே நடந்தது. 1971ஆம் ஆண்டுக்குப்பின் அது நின்றுபோய், 1985ஆம் ஆண்டளவில் மீண்டும் உயிர்பெற்றது. ஆயின் அதிற் கிண்ணத்தை ஏந்தியவர் பெரும்பாலும் வலியாரே. எளிய நாட்டுக் கழகங்கள் தொடக்கச் சுற்றுக்களில் வந்து, தோல்வியைச் சுமந்து திரும்பின.

பொருந்தாப் போட்டி எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு நாட்டணிகளின் ஆட்டங்கள் சிலவும் சான்றாகும். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் குவைத் அணி பூட்டான் அணியை 20 கோல்களால் வென்றது. பூட்டான் ஒன்றுதானும் பெறவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஈரான் குவாம் தீவின் அணிக்கு 19 கோல்கள் அடித்தது. 2001ஆம் ஆண்டு அவுஸ்திரேலியா அமெரிக்க சமோவாவை 31–0 என்ற கணக்கில் வென்றமை உலகமே வியந்து பேசிய செய்தி. இத்தகைய ஆட்டத்தில் தோற்றவன் எதனைக் கற்பான்? வென்றவன்தான் எதனைக் கற்பான்? ஐந்தாம் வகுப்புச் சிறுவனிடம் நன்னூலைக் கொடுத்துச் சூத்திரத்துக்குப் பொருள் எழுதென்று பணித்து, அவன் எழுதாதவழி மூடன் என்று ஒதுக்குவது எவ்வளவு முறையோ, அவ்வளவே இதுவும் முறையாகும்.

இதனை ஆசியக் கூட்டமைப்பு உணர்ந்தது. உறுப்பு நாடுகளை முதிர்ந்தவை, வளர்வன, முளைப்பன என மூவகைப்படுத்தியது. முதிர்ந்த நாடுகளின் கழகங்களுக்கு ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2002ஆம் ஆண்டு தொடங்கியது. வளரும் நாடுகளின் கழகங்களுக்கு ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணம் 2004இல் வந்தது. முளைக்கும் நாடுகளின் சாம்பியன் கழகங்களுக்கென 2005இல் வகுக்கப்பட்டதே தலைவர் கிண்ணம். மூன்றாந் தரம் என்று இதனை எள்ளியவர் உண்டு. ஆனால் ஏணிக்குக் கீழ்ப்படி இழிந்த படியன்று. ஏறுவோனுக்கு அதுவே முதற்படி.

காலம்

முதற் போட்டி 2005ஆம் ஆண்டு மே மாதத்தில் நேபாளத்துக் காத்மண்டு நகரிலே நடந்தது. எட்டு நாடுகளின் கழகங்கள் வந்தன. இலங்கையின் சார்பிற் சென்றது களுத்துறையைச் சேர்ந்த புளூ ஸ்டார் கழகம். இறுதியாட்டத்தில் தஜிகிஸ்தானின் ரெகார்-தடாஸ் கழகம் கிர்கிஸ்தானின் தோர்தோய் கழகத்தை 3–0 என வென்று முதற் கிண்ணத்தைக் கொண்டது.

மறுவருடம் மலேசியாவின் குச்சிங் நகரிற் போட்டி நடந்தபோது, முன்னாண்டு தோற்ற தோர்தோய் கழகம் தஜிகிஸ்தானின் வக்ஷ் கழகத்தை வென்று வாகை சூடியது. 2007இல் பாகிஸ்தானின் லாகூரிலும் தோர்தோய் கழகமே வென்றது. நேபாளத்து மகேந்திரா பொலிஸ் கழகம் 2–1 என ஒரே கோலினால் அன்று கிண்ணத்தை இழந்தது. இவ்விரண்டு ஆண்டுகளிலும் நம் நாட்டிலிருந்து சென்றது கொழும்பு ரட்ணம் விளையாட்டுக் கழகமாகும்.

2008ஆம் ஆண்டு முதல் பங்குகொள்ளும் கழகங்களின் தொகை பெருகியமையால், முதலிற் குழுநிலை ஆட்டங்கள், பின்னர் இறுதிக்கட்டம் என இரு படிகளாகப் போட்டி வகுக்கப்பட்டது. 2008, 2009 ஆகிய இரு வருடங்களிலும் ரெகார்-தடாஸ் கழகம் தோர்தோயை மீண்டும் எதிர்கொண்டு வென்றது; முன்னையது சமநிலையில் முடிந்து பெனால்டி உதைகளாற் தீர்ந்தது. 2010இல் மியன்மாரின் யதனார்போன் கழகம் மேலதிக நேரத்தில் அடித்த ஒரு கோலினால் தோர்தோயை வீழ்த்தியது. முதல் ஆறு வருடங்களிலும் தவறாது இறுதியாட்டம் வரை வந்து, இரு முறை வென்று, நான்கு முறை தோற்ற தோர்தோய் கழகத்தின் விடாமுயற்சி தனியே ஒரு கட்டுரைக்கு உரியது.

2011இல் தாய்வான் மின்சார நிறுவனத்தின் கழகம் கம்போடியாவின் புனோம் பென் கிறவுண் கழகத்தை 3–2 என வென்றது. 2012இல் தஜிகிஸ்தானின் இஸ்திக்லோல் கழகம் பலஸ்தீனத்தின் அல்-அமரி இளைஞர் மையக் கழகத்தை 2–1 என வென்றது. 2013இல் மலேசியாவின் மலாக்கா நகரிலே துருக்மெனிஸ்தானின் பல்கான் கழகம் பாகிஸ்தானின் கே.ஆர்.எல். கழகத்தை 1–0 என வென்றது. 2014இல் கொழும்பில் நடந்த இறுதியாட்டத்தில் துருக்மெனிஸ்தானின் எச்.டி.டி.யூ. கழகம் வடகொரியாவின் றிம்யோங்சு கழகத்தை 2–1 என வென்றது. அத்தோடு தலைவர் கிண்ணத்தின் கதை முடிந்தது.

தென்னாசியக் கழகம் ஒன்றுதானும் இக்கிண்ணத்தை வென்றதில்லை. எனினும் நேபாளமும் பாகிஸ்தானும் இறுதிவரை வந்து, ஒவ்வொரு கோலினாலேயே தோற்றன. இருபது கோல் வேற்றுமைக்கும் ஒரு கோல் வேற்றுமைக்கும் இடையிலுள்ள தூரமே இப்போட்டி செய்த தொண்டின் அளவு எனலாம். ஒரு கோலினால் தோற்றவன் அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பான். இருபதினால் தோற்றவன் பந்தையே மறந்துவிடுவான்.

இடம்

இனி இடத்தை நோக்குவோம். 2009 முதல் 2012 வரை நான்கு வருடங்களில், இறுதிக்கட்டம் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுக் கழகமே வென்றது. தஜிகிஸ்தானில் ரெகார்-தடாஸ், மியன்மாரில் யதனார்போன், தாய்வானில் மின்சார நிறுவனக் கழகம், மீண்டும் தஜிகிஸ்தானில் இஸ்திக்லோல் என அவ்வரிசை அமைந்தது. சொந்த மண்ணில் நிற்பவனுக்கு உள்ள வலிமையை இடனறிதல் என்னும் அதிகாரம் வகுத்த புலவர் நன்கறிவார். ஆயினும் இடம் ஒன்றே போதுமென்று கொள்ளலாகாது. 2008இல் தன் நாட்டுத் தலைநகரான பிஷ்கெக்கில் ஆடியபோதும் தோர்தோய் தோற்றது. 2014இல் கொழும்பில் இறுதியாட்டம் நடந்தபோது அதில் இலங்கை அணி இல்லை. மூன்றனுள் வலியை முதலில் வைத்தமையின் பொருத்தம் இங்கே விளங்கும்.

இக்கழகங்கள் எங்கிருந்து வந்தன என்பதும் கருதத்தக்கது. மும்முறை வென்று முதலிடம் பெற்ற ரெகார்-தடாஸ் தலைநகர்க் கழகமன்று. துசான்பே நகருக்கு மேற்கே, உஸ்பெகிஸ்தான் எல்லையை அடுத்துள்ள துர்சுன்சோதா என்னும் சிற்றூர் நகரத்தின் கழகம் அது. ரெகார் என்பது அந்நகரின் பழைய பெயர். தடாஸ் என்பது அங்குள்ள பெரிய அலுமினிய ஆலையின் பெயர்ச் சுருக்கம். 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போரால் நைந்த நாட்டிலே, ஓர் ஆலையின் நிழலில் வளர்ந்த கழகம் ஆசியாவின் கிண்ணமொன்றை மூன்று முறை ஏந்திற்று. தோர்தோய் என்பதோ பிஷ்கெக் நகரிலுள்ள பெருஞ்சந்தையின் பெயர். எச்.டி.டி.யூ. என்பது துருக்மெனிய-துருக்கியப் பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர்ச் சுருக்கம். ஆலை, சந்தை, மின்சார நிறுவனம், பொலிஸ், பல்கலைக்கழகம் எனத் தொழிலும் கல்வியும் நிகழும் இடங்களே இக்கிண்ணத்தின் வீரரை ஈன்றன.

இவையெல்லாவற்றினும் நெஞ்சைத் தொடுவது அல்-அமரியின் கதை. பலஸ்தீனத்தில் றமல்லா நகரையடுத்துள்ள அகதி முகாம் ஒன்றின் பெயர் அது. அம்முகாமின் இளைஞர் மையத்துக் கழகம் 2012இல் ஆசியப் போட்டி ஒன்றின் இறுதியாட்டத்தில் நின்று, ஒரே கோலினால் தோற்றது. அகதி முகாம் என்றால் என்னவென்று நம் மக்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை. முகாமிலிருந்து வந்தவர் ஒரு கண்டத்தின் களத்திலே தம் பெயரைச் சொல்லி நிற்றற்கு ஓர் இடத்தை அமைத்துக் கொடுத்தது, மூன்றாந் தரம் என்று எள்ளப்பட்ட அந்தப் போட்டியே.

கொழும்புக்குப் பின்

பத்தாண்டுகளில் புளூ ஸ்டார், ரட்ணம், இராணுவம், றினோன், டொன் பொஸ்கோ, விமானப்படை முதலிய நம் நாட்டுக் கழகங்கள் இப்போட்டியில் ஆடின. 2014ஆம் ஆண்டின் பின்னர் தலைவர் கிண்ணம் நிறுத்தப்பட்டு, எளிய நாடுகளின் சாம்பியன்களும் தகுதிகாண் ஆட்டங்கள் வழியாக இரண்டாந் தரக் கிண்ணத்துட் புகலாம் என்று விதி செய்யப்பட்டது. இதனைப் பதவி உயர்வு என்றே பலர் கூறினர். ஒருவகையில் அது மெய்யே. ஏணியில் முன்னரே ஏறியிருந்தவர்க்கு அது வாயில் ஆயிற்று. 2012இல் தலைவர் கிண்ணத்தை வென்ற இஸ்திக்லோல், 2015இலும் 2017இலும் இரண்டாந் தரக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு வந்தது. 2021இல் முதற்றரமான சாம்பியன்ஸ் லீக்கிற் புகுந்து, சவூதியின் அல்-ஹிலால் கழகத்தை 4–1 என வென்றது. அவ்வாண்டு ஈற்றிலே கிண்ணத்தைக் கொண்டது அதே அல்-ஹிலால்தான் என்பதனை நோக்கின், அவ்வெற்றியின் பெருமை புலப்படும். ஒன்பதாண்டுகளில் கீழ்ப்படியிலிருந்து மேற்படிக்குச் சென்ற கழகம் அது.

ஏறாதவர்க்கோ கீழ்ப்படி கழற்றப்பட்டதே நிகழ்ந்தது. 2017இல் கொழும்பு எவ்.சி. கழகம் கல்கத்தாவின் மோகன் பகானுடன் தகுதிகாண் சுற்றில் இரு ஆட்டங்கள் ஆடி, இரண்டிலும் 2–1 எனத் தோற்றது. 2019இல் அதே கழகம் சென்னையின் சென்னையின் எவ்.சி. கழகத்தை எதிர்த்தது. கொழும்பில் ஆட்டம் கோலின்றி முடிந்தது; அகமதாபாத்தில் நடந்த மறு ஆட்டத்தில் சென்னை 1–0 என வென்றது. கொழும்பும் சென்னையும் களத்தில் எதிர்நின்ற அவ்விரு நாள்களைத் தமிழ் இரசிகர் எளிதில் மறவார். 2022இல் புளூ ஸ்டார் கழகம் நேபாளத்து மச்சிந்திரா கழகத்தை 2–1 என வென்று, அடுத்த படியில் மோகன் பகானிடம் 5–0 எனத் தோற்றது. ஒரு கோலினால் தோற்ற நாளும் உண்டு. ஐந்து கோல்களால் தோற்ற நாளும் உண்டு. ஆனால் ஆண்டுக்கு ஓர் ஆட்டம், ஈராட்டம் என்று ஆடித் திரும்பினால், கற்றது கைக்குள் நில்லாது. தலைவர் கிண்ணத்திலே தோற்றவனும் நிகர்த்தவரோடு பல ஆட்டங்கள் ஆடியே திரும்பினான்.

பூட்டானின் கதையை இங்கே நினைவுகூர்தல் தகும். 2000இல் 20 கோல்களால் தோற்ற அந்நாடு, 2002 யூன் 30ஆந் திகதி, உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்த அதே நாளில், தரவரிசையிற் கடைநின்ற மற்றொரு நாடாகிய மொன்செராட்டைத் திம்பு நகருக்கு அழைத்து ஆடி, 4–0 என வென்றது. நிகரானவனோடு ஆடி வென்ற நாள் அது. பின்னர், 2015 மார்ச்சில், உலகத் தரவரிசையிற் கடைசி நாடாக நின்றவாறே கொழும்புக்கு வந்து, உலகக் கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தில் இலங்கையை 1–0 என வென்றது. திம்புவில் மீண்டும் 2–1 என வென்றது. தலைவர் கிண்ணத்தின் இறுதியாட்டம் கொழும்பில் நடந்து ஆறு மாதமே கழிந்திருந்தது. நாம் பந்தலிட்டு விருந்தளித்தோம். விருந்தினர் பாடங் கற்றுச் சென்றனர். இதனைக் கூறுதல் நம் வீரரை இகழ்தற்கன்று. நம் கண்ணைத் திறத்தற்கே.

இனிச் செய்யற்பாலது

கழற்றப்பட்ட கீழ்ப்படி இன்று மீண்டும் பொருத்தப்பட்டுள்ளது. 2024ஆம் ஆண்டு ஆசியக் கூட்டமைப்பு தன் கழகப் போட்டிகளை மீண்டும் மூன்று தரமாக வகுத்து, மூன்றாவதற்குச் சலஞ்ச் லீக் எனப் பெயரிட்டது. அதன் முதற் பருவத்தில் ஒரு குழுவின் ஆட்டங்கள் பூட்டானின் திம்புவிலே நடந்தன. பாரோ எவ்.சி. என்னும் அந்நாட்டுக் கழகம் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தோடு 2–2 எனச் சமன்செய்தது. 2025இல் துருக்மெனிஸ்தானின் அர்க்கதாக் கழகம் கம்போடியாவின் சுவாய் ரியெங் கழகத்தை வென்று முதற் கிண்ணத்தைக் கொண்டது. பத்தாண்டு இடைவெளிக்குப்பின் பெரியோரும் ஒன்றை ஒப்புக்கொண்டனர்: எளியாரை வளர்க்க எளியார்க்கேற்ற களம் வேண்டும்.

களம் உண்டாயிற்று, அதற்குச் செல்லும் வழி நம் வீட்டு வாயிலிலிருந்தே தொடங்கவேண்டும். நாட்டின் லீக் ஆண்டுதோறும் முறை தவறாது நடந்தாலன்றிச் சாம்பியன் என்று எவரை அனுப்புவது? 2023 சனவரி முதல் ஆகஸ்ட் வரை இலங்கையின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தை உலகச் சம்மேளனம் இடைநிறுத்தி வைத்திருந்தது. நிருவாகத்தில் நேர்ந்த பிணக்கின் பயனை அனுபவித்தவர் நிருவாகிகள் அல்லர்; ஆடும் வயதிலிருந்த இளைஞர்களே. இருபது வயது இளைஞனுக்கு ஏழு மாதம் என்பது சிறு பொழுதன்று. காலமறிதல் என்பதனைப் பதவியிலுள்ளோர் கற்கவேண்டிய இடம் இதுவே.

நம் மாத்தளையை நினைக்கின்றேன். கண்டியிலிருந்து வரும் புகையிரதப் பாதை முடியும் ஊர் இது. இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் தேயிலைச் சரிவுகளுக்கிடையே கிடைத்த சமநிலத்திலே, காலணியின்றிப் பந்தாடும் சிறுவர் இருக்கின்றனர். பந்து சரிவில் உருண்டோடினால் அதனை எடுத்துவர ஒருவன் கீழே இறங்கியேற வேண்டும். அதுவரை ஆட்டம் நிற்கும். இப்பிள்ளைகளைக் கொழும்பின் பெருங்கழகங்களோடு நேரே மோதவிட்டுத் தோற்பித்து, ஊர் திரும்பச் செய்தல் பயனற்றது. தோட்டத்துக்குத் தோட்டம், பாடசாலைக்குப் பாடசாலை, பின்னர் மாவட்டத்துக்கு மாவட்டம் என நிகர்த்தவரோடு நிகர்த்தவர் ஆண்டு முழுவதும் ஆடும் படிமுறை ஒன்று வேண்டும். சமநிலம் ஒன்று, முறையான நடுவர் ஒருவர், தவறாத நாட்குறிப்பு ஒன்று ஆகிய இம்மூன்றும் பெருஞ்செல்வம் வேண்டாத பொருள்கள். அலுமினிய ஆலை ஒன்றன் நிழலிலே துர்சுன்சோதா செய்ததனை, தேயிலை ஆலைகளின் நிழலிலே நாம் செய்யலாகாதென்று யார் விதித்தார்?

மூன்றாந் தரக் கிண்ணத்தால் என்ன பயன் என்பார்க்கு இஸ்திக்லோல் விடை கூறும். எளியார்க்குக் கிண்ணம் எதற்கு என்பார்க்கு அல்-அமரி விடை கூறும். வென்றோர் பெயர் வரலாற்றில் நிற்கும். தோற்றோர் பெயரும் தம் நிகரோடு பொருது தோற்றிருப்பின் அவ்வரலாற்றில் நிற்கும். நம் பிள்ளைகளுக்கு நாம் முதலிற் கொடுக்கவேண்டியது வெற்றியன்று. தம்மை நிகர்த்தாரோடு பொருதற்கு ஒரு களமும், அடுத்த ஆண்டும் அக்களம் அங்கே இருக்கும் என்னும் உறுதியுமே.